இடது முன் சக்கரம்

பிக்கப் வண்டியில் முன் சக்கர ஹப் போகப்போகிறது என்றால் அது முதலில் காதுக்குத்தான் தெரியும். கண்ணுக்கு ஒன்றும் அகப்படாது. டயரில் குறையிருக்காது, நட்டெல்லாம் முறுக்காக இருக்கும், ஸ்டியரிங்கும் நேராக நிற்கும். நாற்பதைத் தாண்டும்போது மட்டும் காலடியிலிருந்து ஓர் உறுமல் எழும். வேகம் குறைந்தால் அடங்கிவிடும். டயர் சத்தம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அப்பாவுக்கு அப்படித் தோன்றவில்லை. மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோட்டுக்கு லோடு ஏற்றிக்கொண்டு வரும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "லேசா வலது பக்கம் ஒடி" என்றார். ஒடித்தேன். உறுமல் கூடியது. "இப்ப இடது." பாதியாகக் குறைந்தது. "லெஃப்ட் பேரிங்குடா" என்று சொல்லிவிட்டு மடியிலிருந்த வெற்றிலையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

வலப்பக்கம் திரும்பினால் வண்டியின் பாரம் இடது சக்கரத்தின் மேல் சாயும். அந்தப் பக்கத்துப் பேரிங் தேய்ந்திருந்தால் பாரம் கூடக் கூட அது கத்தும். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. ஆளில்லாத ரோடும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

கண்டுபிடித்த அன்றே பட்டறைக்குப் போனோமா என்றால் இல்லை. எங்கள் பக்கத்தில் வண்டி வேலை எப்போது நடக்கும் என்பதை மெக்கானிக் முடிவு செய்வதில்லை, தக்காளிதான் முடிவு செய்யும். விலை இல்லாத நாளில் கையில் காசு இருக்காது. விலை ஏறிவிட்டால் நேரம் இருக்காது. அது 2023. கோடையில் வந்த விலை பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்குமே சரியாகப் போனது. ஜூலை பிறந்ததும் எல்லாம் தலைகீழானது. சென்னையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க இறங்கிய மாதம் அது. பாலக்கோடு மண்டியில் கிரேட்டு இறங்குவதற்கு முன்பே விலை கேட்டுக்கொண்டு ஆள் வந்து நின்றார்கள். செடியில் நாலு காய் வைத்திருந்தவனுக்கும் வண்டி வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் ஜாக்கி போட்டு வண்டியை நிறுத்திவைக்க யாருக்கு மனசு வரும்? வாடகை கேட்டு வருகிறவர்களிடம் "சத்தம் வருது" என்று சொன்னால், "என் வீட்டு மிக்ஸியிலயும்தான் வருது" என்பார்கள்.

கிரேட்டு ஒன்று ஏறக்குறைய இருபத்தைந்து கிலோ. அதை அடுக்குக்கு மேல் அடுக்காக ஏற்றிக் கயிறு போட்டு இறுக்கினால், ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கிற பாரத்துக்கும் வண்டியில் இருக்கிற பாரத்துக்கும் தூரத்துச் சொந்தம்தான் மிச்சம். பொலேரோ, தோஸ்த், ஏஸ் என்று எந்தப் பேர் ஒட்டியிருந்தாலும் மண்டி வாசலில் எல்லா வண்டியும் பின்பக்கம் குந்திக்கொண்டுதான் நிற்கும்.

பாரம் பின்னால் இருக்க, முன் சக்கரம் ஏன் கெட வேண்டும்? எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பாரம் பின்னால் இருப்பதெல்லாம் வண்டி நிற்கும்போதுதான். இறக்கத்தில் பிரேக் மிதித்தால் அத்தனையும் முன்னால் வந்து விழும். மிதிக்க மிதிக்க டிஸ்க் காய்ந்து, அந்தச் சூடு ஹப்புக்குள் இறங்கும். கிரீஸ் இளகும். சூட்டோடு சூடாக வண்டியை ஏரிக்கரையில் விட்டுக் கழுவினால் தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். இதற்கெல்லாம் மேல் ரோடு. ராயக்கோட்டையிலிருந்து அதியமான்கோட்டை வரைக்கும் ரோட்டை அகலமாக்கும் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. நல்ல ரோடு வருவதற்கு முன் வருகிற மாற்றுப்பாதை இருக்கிறதே, அது ஜல்லியும் குழியுமாக மாதக்கணக்கில் கிடக்கும். எதிரே பஸ் வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும். தாரை விட்டு மண்ணில் இறங்கி ஏறுவது ஒவ்வொரு முறையும் இடது சக்கரம்தான். எங்கள் ஊர் வண்டிகளில் இடது முன் பேரிங்தான் முதலில் போகும் என்பது என் கணிப்பு.

நாள் கடத்திக்கொண்டே வந்ததற்கு முடிவு கட்டியது தொப்பூர் கணவாய். சேலத்தில் நல்ல விலை என்று கேள்விப்பட்டு, பாலக்கோட்டில் இறக்காமல் இரவோடு இரவாகச் சேலம் மார்க்கெட்டுக்குக் கிளம்பினோம். பாளையம்புதூர் டோல்கேட்டைத் தாண்டியதும் ரோடு சரிய ஆரம்பிக்கும். மூன்றாவது கியரிலேயே இறங்கினேன். அப்படியும் அடிக்கடி பிரேக் மிதிக்க வேண்டியிருந்தது. இறக்கம் முடிந்து டீக்கடையில் நிறுத்தியதும் அப்பா டீ சொல்லவில்லை. நேராகப் போய் வலது முன் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி, நடுவில் இருக்கும் மூடியின் மேல் புறங்கையை வைத்தார். எழுந்து சுற்றி வந்து இடது சக்கரத்தில் வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார். நானும் தொட்டுப் பார்த்தேன். வலதில் காய்ச்சல்காரன் நெற்றி அளவுக்குச் சூடு. இடதில் கை வைக்கவே முடியவில்லை.

"மெதுவா ஓட்டு. காயை இறக்கிட்டுத் திரும்பும்போது பாய்கிட்ட விட்டுடலாம்."

பாயின் பட்டறை தருமபுரி பைபாஸ் ஓரம். தகரக் கொட்டகை, ஒரு வேப்ப மரம், மரத்தடியில் இரண்டு வண்டி நிற்கிற இடம். பாய் அதிகம் பேச மாட்டார். வண்டி உள்ளே வரும்போதே தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுப் பையனிடம் ஜாக்கி எடுத்துவரச் சொன்னார். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் கட்டை கொடுத்தார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கை நீட்டுகிறவனை அவர் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்.

டயரின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை. பிடித்து ஆட்டினார். டக் டக் என்று ஆடியது. "தம்பி, உள்ள ஏறி பிரேக்கை மிதி." மிதித்தேன். மறுபடி ஆட்டினார். ஆட்டம் இல்லை. விடச் சொன்னார், ஆடியது. எதற்கு இந்தச் சோதனை என்று கேட்டேன். பிரேக் பிடித்தால் ஹப்பும் டிஸ்க்கும் காலிபரோடு இறுகிக்கொள்ளும். அப்போதும் சக்கரம் ஆடினால் கோளாறு கிங்பின்னில். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங்கில். எங்களுடையது பேரிங்.

சக்கரத்தைக் கழற்றினார். காலிபரின் போல்ட்டை எடுத்து, அதைக் கம்பியால் ஸ்பிரிங்கோடு கட்டித் தொங்கவிட்டார். பிரேக் ஓஸ் இழுபடக் கூடாது. நடு மூடியைச் சுற்றிச் சுற்றித் தட்டி எடுத்தார். ஸ்ப்ளிட் பின்னை நிமிர்த்தி உருவினார். நட்டு, வாஷர், அதன் பின்னாலேயே வெளிப் பேரிங் வழுக்கிக்கொண்டு வந்தது. ஹப்பை இரண்டு கையாலும் இழுத்ததும் டிஸ்க்கோடு சேர்ந்து கழன்றது.

உள்ளே இருந்தது கிரீஸ் என்று சொன்னால்தான் தெரியும். கறுத்துக் களியாகி, வெயிலில் காட்டினால் பொடிப்பொடியாக மினுங்கியது. மினுங்கியதெல்லாம் இரும்பு. பாய் பேரிங்கை டீசலில் அலசித் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். உருளைகளில் அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழிகள். உள்வளையத்தின் ஓரம் நீலம் பாரித்திருந்தது. சூட்டில் வெந்த இரும்புக்கு அந்த நிறம் வரும்.

அதுவரைக்கும் இது பேரிங் மாற்றுகிற வேலை. கடைப்பையன் புதுப் பேரிங் செட்டும் கொண்டுவந்துவிட்டான். இந்தப் பேரிங் இரண்டு துண்டு. உருளைகளோடு இருக்கிற உள்வளையம் கோன். ஹப்புக்குள் இறுக்கமாக உட்காரும் வெளிவளையம் கப். பாய் பழைய கப்பைத் தட்டி எடுத்தார். தட்டி என்று எழுதுகிறேனே தவிர, ஒரு தட்டிலேயே அது தரையில் விழுந்து உருண்டது. அவர் முகம் மாறியது. புதுக் கப்பை எடுத்து ஹப்பின் வாயில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். உள்ளே போய்விட்டது.

"பாத்தியா தம்பி? சுத்தியல்ல அடிச்சு இறக்க வேண்டியது. கையாலயே போகுது. கப் உள்ள சுத்தியிருக்கு. பேரிங் மட்டும் மாத்திப் பிரயோஜனமில்ல, ஹப்பே போச்சு."

பேரிங்குக்குள் உருளை சுற்ற வேண்டும், கப் அசையக் கூடாது. பேரிங் சூடேறி இறுகினால் உருளைகள் கப்பையும் சேர்த்து இழுக்கும். கப் ஹப்பின் சுவரில் சுற்றச் சுற்ற அந்தச் சுவர் தேயும். ஒரு தலைமுடி அளவு தேய்ந்தாலும் அதன் பிறகு எந்தப் புதுப் பேரிங்கும் அங்கே நிற்காது. விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே வளையம் வளையமாகக் கோடு விழுந்திருந்தது, நகத்தில் தட்டியது.

ஹப்பின் விலை பேரிங் செட்டைப் போலப் பல மடங்கு. அப்பா ஒன்றும் பேசாமல் வேப்ப மரத்தடிக்குப் போய்விட்டார். பக்கத்தில் தன் வண்டிக்காகக் காத்திருந்த ஒரு டிரைவர்தான் யோசனை சொன்னார். "எதுக்குப் பாய் ஹப்பு? சுத்தி நாலு பஞ்ச் அடிச்சா கப் கப்புனு புடிச்சுக்கும்." இது எல்லாப் பட்டறையிலும் உண்டு. ஹப்பின் உள்சுவரில் உளியால் புள்ளி புள்ளியாக அடித்தால், அடித்த இடத்தைச் சுற்றி இரும்பு கொஞ்சம் மேலெழும்பும். அந்த மேடு கப்பைக் கவ்விக்கொள்ளும். செலவு ஒரு டீ. யோசனை அப்பாவுக்குப் பிடித்திருந்தது என்பது அவர் எழுந்து வந்த வேகத்தில் தெரிந்தது.

"வேணாம்ணா" என்றார் பாய். "வயலுக்கும் வீட்டுக்கும் ஓடுற வண்டின்னா அடிச்சுத் தர்றேன். தொப்பூர் இறங்குற வண்டிக்கு மாட்டேன்."

"லேத்துல குடுத்து ஸ்லீவ் போட்டா?"

"போடலாம். ஹப்போட சுவர் மெலிசாயிடும். அதுக்கு ஆகுற செலவுல பாதி ஹப் வாங்கிடலாம்."

பஞ்ச் அடித்த கப் புள்ளிகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். பாரம் ஏறினால் புள்ளிகள் நசுங்கும், கப் மறுபடி சுற்றும். பேரிங் மொத்தமாகப் பிடித்துக்கொண்டால் நட்டும் பின்னும் தாங்காது. கணவாயில் அப்படி ஆனால் என்ன நடக்கும் என்று அவர் சொல்லவில்லை. தருமபுரியில் யாருக்கும் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஹப் தருமபுரியில் கிடைக்கவில்லை. ஒரு கடையில் லோக்கல் சரக்கு இருந்தது. பாய் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்தில் தேடலாம் என்றார்கள். சென்னைப் புதுப்பேட்டை மாதிரி சின்ன அளவில் எல்லா ஊரிலும் அப்படி ஒரு சந்து இருக்கிறது. ஆனால் அங்கே கிடைக்கிற ஹப்பும் யாரோ ஒருவருடைய கப் சுற்றிய ஹப்பாக இருக்கலாம். அளவுக்காகப் பழைய ஹப்பை உரச் சாக்கில் கட்டிக்கொண்டு நான் சேலம் பஸ் ஏறினேன். கண்டக்டர் சாக்கைக் காலால் நகர்த்தப் பார்த்து, நகராததால் லக்கேஜ் போட்டார்.

அந்தக் கணவாயைப் பஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பது வேறு அனுபவம். ஸ்டியரிங் பிடித்திருக்கும்போது முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கைத் தவிர எதையும் பார்க்க முடியாது. கட்டமேடு, ஆஞ்சநேயர் கோயில் வளைவு, இரட்டைப் பாலம் என்று பத்திரிகையில் விபத்துச் செய்தியோடு மட்டுமே வரும் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. முன்பு என்.எச். 7, இப்போது 44. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி போகிற ரோடு. வடக்கிலிருந்து வருகிற கனரக லாரிகள் இந்தச் சில கிலோமீட்டர் சரிவில்தான் பிரேக்கை இழக்கின்றன. 2020 டிசம்பரில் ஒரு லாரி கட்டுப்பாடு இழந்து, நெரிசலில் நின்ற வாகனங்களின் மேல் வரிசையாக மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். நான் சொல்லிக்கொண்டிருக்கும் பயணத்துக்குப் பிறகு, 2024 ஜனவரி 24 அன்று இரட்டைப் பாலத்தில் லாரிகளுக்கு நடுவே கார் சிக்கித் தீப்பிடித்ததில் மறுபடி நான்கு பேர். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவது இன்னும் நின்றபாடில்லை. எஞ்சின் பிடிக்காத வண்டியை பிரேக் மட்டுமே பிடிக்க வேண்டும். காய்ந்த பிரேக் ஒரு கட்டத்துக்கு மேல் பிடிக்காது. போர்டு வைத்திருக்கிறார்கள், மைக்கில் சொல்கிறார்கள். மிச்சமாகிற டீசல் ஒரு டீக்குத் தேறுமா என்று எனக்குத் தெரிந்த டிரைவர்கள் யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

சேலத்தில் ஹப் கிடைத்தது. எண்ணெய்த் தாளில் சுற்றியிருந்த புது இரும்பு. திரும்பி வந்தபோது பாய் எங்களுக்காக வலது பக்கத்தையும் கழற்றிப் போட்டிருந்தார். அது நன்றாகவே இருந்தது. கழுவிக் கிரீஸ் மட்டும் மாற்றினால் போதும் என்றார்.

மாட்டும் வேலையைத்தான் நான் கண் எடுக்காமல் பார்த்தேன். பித்தளை ராடை வைத்துப் புதுக் கப்பைப் புது ஹப்பில் இறக்கினார். ஒரே இடத்தில் அடிக்காமல் எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி அடித்தார். முதலில் மந்தமாகக் கேட்ட சத்தம் கடைசியில் ணங்கென்று கணீரென்றாகியது. கப் அடியில் உட்கார்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அதற்கு மேல் அவர் ஒரு அடி கூட அடிக்கவில்லை.

அடுத்தது கிரீஸ். இடது உள்ளங்கையில் எலுமிச்சை அளவு எடுத்துக்கொண்டார். கோனின் அகன்ற பக்கத்தை அதில் வைத்து, உள்ளங்கையைச் சுரண்டுகிற மாதிரி அழுத்தி இழுத்தார். நாலைந்து இழுப்பில் உருளைகளின் இடுக்கு வழியே மேல்பக்கத்தில் புழு மாதிரிக் கிரீஸ் எழுந்து வந்தது. கொஞ்சம் திருப்பி மறுபடி அழுத்தினார். சுற்றிலும் எழுந்து வரும்வரை விடவில்லை. என்னையும் ஒன்றைச் செய்யச் சொன்னார். மேலே பூசி வைத்துவிட்டால் பார்க்க நிறைந்த மாதிரி இருக்கும், உள்ளே உருளை வறண்டுதான் கிடக்கும்.

உருளைகள் ஏன் நேராக இல்லாமல் ஒரு பக்கம் சிறுத்திருக்கின்றன என்று அப்போதுதான் கேட்டேன். பாய் விரலால் இரண்டு திசை காட்டினார். மேலிருந்து வருகிற பாரம் ஒன்று, வளைவில் பக்கவாட்டில் தள்ளுகிற பாரம் இன்னொன்று. இரண்டையும் ஒரே உருளை தாங்குவதற்குத்தான் அந்தச் சாய்வு. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், இதை உருவாக்கி 1898-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய ஹென்றி டிம்கன் குதிரை வண்டி செய்கிறவர். திருப்பங்களில் பார வண்டிகளின் சக்கரம் படும் பாட்டைப் பார்த்துச் செய்தது. எங்கள் தாத்தாவின் மாட்டு வண்டியிலும் பாடு அதேதான். குடத்துக்குள் அச்சு உரசும். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த மையை வாரத்துக்கு ஒருமுறை வைப்பார். அங்கே கடையாணி செய்த வேலையை இங்கே ஸ்ப்ளிட் பின் செய்கிறது. அவர் ஏற்றிய பாரத்தையும் போன வேகத்தையும் நினைத்தால் அந்த மையே தாராளம்.

உள் பேரிங்கை வைத்து, சீலின் உதடு உள்நோக்கி இருக்கும்படி தட்டினார். பழைய ஹப்பிலிருந்து டிஸ்க்கைக் கழற்றிப் புதியதில் பூட்டி, கிரீஸ் பட்ட இடத்தைச் சுத்தமாகத் துடைத்தார். ஸ்டப் ஆக்ஸிலில் ஹப்பை ஏற்றி, வெளிப் பேரிங், வாஷர், நட்டு. ஒரு கையால் ஹப்பைச் சுற்றிக்கொண்டே மறுகையால் ஸ்பேனரைப் பிடித்து நட்டை நன்றாக முறுக்கினார். பிறகு அத்தனையும் தளர்த்தினார். பிறகு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு விரலாலேயே முறுக்கினார். நட்டின் வெட்டும் பின் போகிற ஓட்டையும் நேராக வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் முறுக்கினா வந்துடும் போலிருக்கே பாய்" என்றேன்.

"முறுக்கக் கூடாது. நேரா வரலைன்னா தளர்த்தித்தான் நேர் பண்ணணும். இறுக்கினா வேகும். ரொம்ப விட்டா அடிக்கும்." கொஞ்சம் தளர்த்தி, புதுப் பின்னை நுழைத்துக் காலைப் பிரித்து மடக்கினார். பழைய பின்னை மறுபடி போடுவது அவர் பட்டறையில் கிடையாது. இரண்டு ரூபாய்ப் பின்னுக்காக இரண்டு லட்ச ரூபாய் வண்டியா என்பார்.

காலிபர், சக்கரம், மூடி. டயரைத் தட்டிவிட்டார். சத்தமில்லாமல் சுற்றித் தானாக நின்றது. என்னை அதியமான்கோட்டை வரை ஓட்டிப் போய் வரச் சொல்லி, வந்ததும் இரண்டு மூடியிலும் புறங்கை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நாள் லோடு அடித்த பிறகு திரும்பக் கொண்டுவந்து காட்டும்படி சொன்னார்.

கணக்கு முடித்தபோது அப்பா பழைய ஹப்பைத் தேடினார். பையன் அதைக் கிரைண்டரில் குறுக்கே அறுத்துக்கொண்டிருந்தான்.

"ஏன் பாய், நல்ல இரும்பு!"

"முழுசாக் குடுத்தா எவனாவது கழுவிப் பெயிண்ட் அடிச்சு இன்னொருத்தன் தலையில கட்டிருவான்ணா. எடைக்குத்தான போடப்போறீங்க? அறுத்தா என்ன, கிலோ குறையவா போகுது?"

அப்பா இரண்டு துண்டையும் சாக்கில் போட்டுக்கொண்டார். பாலக்கோடு வரும் வரைக்கும், கிரைண்டரில் பொடியாய்ப் போனது எவ்வளவு இருக்கும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். வண்டி சத்தம் போடாததால் அது எனக்கு நன்றாகக் கேட்டது.